பிரேக்கிலிருந்து எடுக்காத கால்

தவசிலிங்கத்தின் பிக்கப் வண்டி பிரேக் போட்டால் வண்டியோடு சேர்ந்து சுற்றியிருப்பதெல்லாம் நின்றுவிடும் என்று குருவிக்கரடு ஊருக்குத் தெரியவந்தபோது அதை யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். பிறகு, அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சோறு பொங்குவது, எப்படி வேலைக்குப் போவது, எப்படிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று பேசத் தொடங்கினார்கள்.

தவசி பிறப்பதற்கு முன்பே அமெரிக்காவில் செய்து கப்பலில் வந்த வண்டி அது. ஊருக்கு மேற்கே பருத்தி ஜின்னிங் மில் நடத்தியவர்கள் பொதி ஏற்றுவதற்காக வாங்கியது. மில்லை மூடிவிட்டு அவர்கள் போனபிறகு எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே துருப்பிடித்து, தரை இற்று, அந்த ஓட்டை வழியாக ஒரு வேலிக்கருவை முளைத்து வளர்ந்து, டிரைவர் சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் போலக் கிளைகளை ஸ்டியரிங்கின் மேல் போட்டிருந்தது. வெளியூர் லாரிகளில் காலம் தள்ளியது போதும், இனி ஊரோடு பொண்டாட்டியோடு இருந்து பிழைக்கலாம் என்று வந்த தவசி அந்த உருண்ட மூக்கையும் தவளைக் கண்களைப் போலத் துருத்திய விளக்குகளையும் பார்த்து மயங்கிவிட்டான். கருவையை வெட்டி, மாட்டைப் பூட்டி வெளியே இழுத்து, கோவில்பட்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த யாக்கோபு அண்ணாச்சியிடம் கொண்டுபோய் விட்டான்.

யாக்கோபு அதை ஆணி ஆணியாகப் பிரித்தார். துருவைச் சுரண்டி, பழைய வளைவு ஒன்றுகூட மாறாமல் தகரத்தைத் தட்டியெடுத்து, கத்திரிப்பூ நிறத்தில் பெயிண்ட் அடித்து, பின்னால் ஆள் உட்காரும் தளத்துக்கு வாகைப் பலகை போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் கப்பலை விட்டு இறங்கிய அன்றைக்கு இருந்த வண்டி. உள்ளே எல்லாம் புதுசு. இந்தக் காலத்து டீசல் இன்ஜின், புது கியர் பாக்ஸ், ஒரு விரலால் திருப்பக்கூடிய பவர் ஸ்டியரிங், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்.

"பழைய பிரேக்க மூணு வாட்டி அமுக்குனாத்தான் ஒரு வாட்டி பிடிக்கும்," என்றார் யாக்கோபு. "இது அப்படி இல்ல தவசி. மிதிச்சா மிதிச்ச எடத்துல நிக்கும்."

இரண்டு பேருமாகக் குருவிக்கரட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வெள்ளோட்டம் வந்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் தடுமாறிக் குறுக்கே விழப்பார்த்தார். தவசி மிதித்தான். வண்டி நின்றது. சைக்கிள்காரரும் நின்றார், பாதி சாய்ந்தபடி, கால் தரையில் ஊன்றாமல். பஸ்ஸுக்காக நின்ற ஒருவர் துப்பிய வெற்றிலைச் சாறு மண்ணில் விழாமல் சிவப்பாகக் காற்றில் வளைந்து நின்றது. அடிபம்பிலிருந்து குடத்துக்குள் இறங்கிய தண்ணீர் கண்ணாடிக் குழாய் மாதிரி அசையாமல் இருந்தது. வண்டியின் இன்ஜினும் யாக்கோபு மூச்சு விடுவதும் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை.

"என்னடே இது?" என்று கேட்டுக்கொண்டே யாக்கோபு கதவைத் திறந்து இறங்கினார். ஒரு கை கதவில் இருந்த வரைக்கும் நடமாடினார், பேசினார். கையை எடுத்தார். திறந்த வாய் திறந்தபடி அவரும் நின்றுவிட்டார்.

காலை எடுத்தால் இதெல்லாம் மறுபடி நகருமா, இல்லை உலகம் இனிமேல் இப்படியேதானா என்று தவசிக்கு ஒரு பயம் வந்தது. நின்றதைக் காட்டிலும், மறுபடி கிளம்பாமல் போய்விடுமோ என்ற அந்தப் பயம்தான் பிறகு அவனை விடவே இல்லை. காலை எடுத்தான். சாறு மண்ணில் விழுந்தது. சைக்கிள்காரர் விழுந்து எழுந்து திட்டினார். யாக்கோபு வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, "பிரேக் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நாலைந்து தடவை மிதித்ததில் எல்லாம் தெரிந்துபோனது. ஹாரன் அடித்தால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரத்துக்குள் இருப்பதெல்லாம் நிற்கும், அதற்கு வெளியே உலகம் தன்பாட்டுக்குப் போகும், வண்டியைத் தொட்டுக்கொண்டிருப்பவரும் அவரைத் தொட்டுக்கொண்டிருப்பவரும் மட்டும் நிற்கமாட்டார்கள். நின்றவர்களுக்குத் தாங்கள் நின்றதே தெரியாது. ஊரை அதிகம் கலக்கியது இதுதான். தெரியாமலே தங்கள் உயிரை யாரோ நிறுத்தி நிறுத்தி விடுகிறான் என்றால் எப்படித் தூங்குவது? சுவர்க் கடிகாரத்தையும் செல்போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு வந்தது. மாசமாக இருந்த பெண்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் வயிற்றில் கைவைத்து, பிள்ளை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

"தவசி, எங்க வீட்டுக் கடிகாரம் போனுக்குப் பின்னால போயிருக்கு. நீ மிதிச்சியா?"

"இல்ல சித்தப்பா, சத்தியமா மிதிக்கல. பேட்டரி போயிருக்கும்."

காளியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். வண்டியை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்றார்கள் சிலர். அப்போது கோப்பம்மாள் எழுந்தாள். ஊரிலிருந்து பட்டாசு செட்டுக்குப் போகும் பெண்களில் மூத்தவள், வெடிமருந்தில் ஒரு விரலைக் கொடுத்தவள்.

"எங்கள ஏத்திட்டுப் போன வேன்காரன் வராம எத்தன நாளாச்சு? காட்டுக்குள்ள அவ்வளவு தூரம் இந்த வெயில்ல எவ நடக்க? நிக்கிறதுக்குப் பயப்படுறவங்க பயப்படுங்க. மருந்துக்குள்ள கைய விடுறவளுக்கு இதென்ன பெரிய பயம்?"

ஊருக்குள் கால் பிரேக்கைத் தொடக் கூடாது, கியரைக் குறைத்துக் கை பிரேக்கைத்தான் இழுக்க வேண்டும் என்று முடிவானது. காளியம்மன் முன்னால் சூடத்தை அடித்துச் சத்தியம் செய்தான் தவசி. அன்றிலிருந்து அந்தப் புது இன்ஜின் வண்டி ஊருக்குள் மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தது.

காட்டுப் பாதையில் அப்படி இல்லை. ஓடை, பள்ளம், குறுக்கே ஓடும் முயல் என்று எங்காவது மிதித்துத்தான் ஆக வேண்டும். முதல் நாள் பின்தட்டிலிருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். பிறகு பழகிவிட்டது. தலைபின்னி முடிக்காதவள் பின்னி முடித்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒருத்தி, "அண்ணே, கொஞ்சம் மிதிங்க" என்று கேட்டு, நின்றுபோன பருந்துகளுக்குக் கீழே ஒரு பாட்டம் அழுது, மூக்கைச் சிந்திவிட்டு, "போதும்ணே" என்றாள். அவர்களுக்குப் பழகியது தவசிக்குப் பழகவில்லை. ஒவ்வொரு முறை காலை எடுத்ததும் முதலில் எது அசைகிறது என்று அவன் தேடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சீனியம்மாள் பார்ப்பாள். அவன் பொண்டாட்டி அவள். அவளும் செட்டுக்குத்தான் போய்வந்தாள்.

"ஒருநா கால எடுத்தும் எதுவும் நகரலேன்னா என்ன செய்ய?" என்று அவளிடம் ஒருமுறை கேட்டான்.

"என்ன செய்ய? நாம மட்டும் இருப்போம். வீட்டுல பருப்பு கெடக்கு, ஆக்கித் தாரேன்," என்றாள் அவள்.

தீபாவளி நெருங்கி, செட்டில் வேலை தலைக்குமேல் ஓடிய நாட்கள். வெயில் ஏறுவதற்குள் மருந்து கலந்து முடிக்க வேண்டும் என்று அய்யாத்துரை காலையிலேயே போய்விடுவான். கலவை அறை அவன் பொறுப்பு. அவன் மனைவி முத்துப்பேச்சி இரண்டு பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அடுத்த நடைக்கு வருவாள். அன்றைக்கு முதல் நடையில் போனவர்களோடு சீனியம்மாளும் போயிருந்தாள், சலித்த மருந்தைக் கலவை அறைக்குக் கொடுக்கும் வேலைக்கு. தவசி திரும்பிப் போய், கோப்பம்மாள், முத்துப்பேச்சி என்று மிச்சப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தான்.

செட்டின் கேட்டைத் தாண்டி வண்டி திரும்பியபோது, கலவை அறையின் வாசலில் வெள்ளையாக ஒன்று விரிவதைத் தவசி பார்த்தான். யோசிக்க நேரமில்லை. கால் தானாக இறங்கியது.

எல்லாம் நின்றது.

அந்த வெள்ளை, அறைக்குள்ளிருந்து வாசலை நோக்கி வளர்ந்துகொண்டிருந்த பாதியில், கொடியில் காயப்போட்ட வேட்டி காற்றில் உப்பியதைப் போல நின்றது. அதற்கு முன்னால் பொறிகள் பாசிமணிகளாகக் காற்றில் தொங்கின. வாசல்படியில், வெறும் சல்லடையோடு, வெள்ளைக்கு முதுகைக் காட்டியபடி சீனியம்மாள் ஒரு காலைத் தூக்கி நின்றாள். தள்ளியிருந்த கொட்டகைகளில் பெண்கள் குனிந்த வாக்கில் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. சத்தம் இன்னும் பிறக்கவில்லை.

"எடுத்துராத தவசி," என்று பின்னாலிருந்து கோப்பம்மாளின் குரல் வந்தது. "சாமி சத்தியமா எடுத்துராதய்யா."

"எடுக்கல அத்தை," என்றான்.

வண்டியைத் தொட்டிருந்தால்தான் நடக்க முடியும். கோப்பம்மாள் ஒருத்தியைப் பின்கதவைப் பிடிக்கச் சொன்னாள். அவள் கையை இன்னொருத்தி, அவள் கையை இன்னொருத்தி என்று கைகோத்து இறங்கினார்கள். கை போதாத இடத்தில் சேலைகளை அவிழ்த்து முறுக்கி முடிந்தார்கள். வெட்கப்பட அங்கே கண் எதுவும் அசையவில்லை. முனையில் கோப்பம்மாள் போனாள். முதலில் கொட்டகைகள். அவள் கை பட்டதும் ஒவ்வொருத்தியும் செய்துகொண்டிருந்த வேலையின் மிச்சத்தோடு அசைந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்து, அப்புறம் சுற்றிலும் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி கைக்கு மாறி, எல்லாரும் வண்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

கடைசியாகக் கலவை அறை. பொறிகளுக்கு நடுவே உடம்பை ஒடுக்கி ஒடுக்கிக் கோப்பம்மாள் போனாள். ஒரு பொறி அவள் முழங்கையில் பட்டுவிட்டது. பட்டதும் அதற்கு உயிர் வந்து சுட்டது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, தாங்கள் தொடுவது நெருப்பாக இருந்தால் நெருப்பும் எழுந்துவிடும் என்று. சீனியம்மாளின் கையைப் பிடித்தாள்.

"திரும்பாதடி. அப்படியே என்னப் பாத்து வா."

"என்ன அத்தை? அய்யாத்துரை அண்ணன் ஏதோ கூப்பிட்டாரு..."

"திரும்பாதன்னு சொல்றேன்ல."

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த தவசிக்கு, சீனியம்மாள் நடந்து வந்த ஒவ்வொரு அடிக்கும் கால் ஒருமுறை உதறியது. இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் வந்து வண்டியின் கதவைத் தொட்ட பிறகுதான் அவனுக்கு வாந்தி வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி எடுத்தான், காலை எடுக்காமல்.

முத்துப்பேச்சி சங்கிலியின் நடுவில் நின்றாள். அவள் நின்ற இடத்திலிருந்து அறையின் உள்ளே தெரிந்தது. அந்த வெள்ளைக்குள், கழுத்து வரைக்கும் அதற்குள்ளேயே, அய்யாத்துரை நின்றான். முகம் மட்டும் வெளியே. சீனியம்மாளைக் கூப்பிடத் திறந்த வாயோடு.

"அத்தை, அவரு," என்றாள் முத்துப்பேச்சி.

கோப்பம்மாள் அவனைப் பார்த்தாள். தன் முழங்கையைப் பார்த்தாள். அவனைத் தொடாமலே திரும்பி வந்தாள்.

பின்தட்டில் கிடந்த பொதி கட்டும் வடக்கயிறுகளை நீளமாக முடிந்து ஒரு முனையை வண்டியின் கொக்கியில் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொருத்தியாக, நின்ற காட்டைத் தாண்டி, காற்று வீசும் இடம் வரைக்கும் போனார்கள். முத்துப்பேச்சி போகவில்லை. வண்டிக்குள் ஏறி, பிரேக்கின் மேலிருந்த தவசியின் பாதத்துக்கு மேலே தன் பாதத்தை வைத்து அழுத்தினாள்.

"எடுக்கக் கூடாதுண்ணே. எடுக்காத வரைக்கும் அவரு இருக்காரு."

எடுக்கிறவன் வெடிக்குப் பக்கத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும் என்பது ஊர் வந்து சேர்ந்த பிறகு எல்லாருக்கும் புரிந்தது. பிரேக்கை விடாமல் வண்டியை நகர்த்த முடியாது. பிரேக்கை விட்டால் வெடி முந்திக்கொள்ளும். பிரேக்கின் மேல் கல்லை வைத்துவிட்டு வரலாம் என்றால், கால் இல்லாமல் அது பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை. முத்துப்பேச்சியின் முகத்தைப் பார்த்து, எடுத்துவிடலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் குருவிக்கரடு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதைப் போலப் பிரேக்குக்கு முறை வைத்தது.

கயிற்றைப் பிடித்து ஒருவர் உள்ளே வருவார். தன் பாதத்தைப் பழையவரின் பாதத்துக்கு மேலே வைத்து அழுத்துவார். கீழே இருப்பவர் மெல்ல உருவிக்கொள்வார். உருவும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கயிற்றின் மறுமுனையில் நிற்கும் ஊர் மொத்தமும் காதைப் பொத்திக்கொள்ளும். மளிகைக்கடைக்காரர் வந்து மிதித்தார். பள்ளிக்கூட வாத்தியார் வந்து மிதித்தார். வண்டியை வெட்டிப் போடச் சொன்னவர்களும் வந்து மிதித்தார்கள். மிதிக்கிறவர் தூங்கிவிடக் கூடாது என்று பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விடாமல் பேச்சுக் கொடுத்தார். விசாரிக்க வந்த இரண்டு போலீஸ்காரர்கள் கயிற்றைப் பிடிக்கச் சொன்னதைக் கேட்காமல் மோட்டார் சைக்கிளில் உள்ளே போய், போன வேகத்தில் சாய்ந்தபடியே நின்றுபோனார்கள். ஆள்விட்டுத் தொட்டுக் கூட்டிவந்த பிறகு, தூரத்தில் ஒரு தடுப்பை வைத்து, அதற்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டார்கள். செட்டு முதலாளியின் போன் அன்றைக்கு அணைந்தது அணைந்ததுதான்.

முத்துப்பேச்சியின் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். அப்பா எங்கே என்று கேட்டதற்கு, வேலை இடத்தில் நிற்கிறார் என்று சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

ஐப்பசி மழை இறங்கியது. செட்டுக்கு மேலே வந்த துளிகள் உயரத்திலேயே நின்றன. துளிமேல் துளி சேர்ந்து கரட்டு உச்சி மட்டத்துக்கு ஒரு கண்ணாடிக் கூரை உண்டாயிற்று. அதன் வழியாக வந்த வெயில் அய்யாத்துரையின் முகத்தில் நீல நீலமாக விழுந்தது. கயிற்றில் வருபவர்கள் எல்லையில் ஒரு தண்ணீர்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்கள்.

"எடுத்தா, மழை முந்திருமா?" என்று முத்துப்பேச்சி வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டாள்.

தவசி தன் முறை இல்லாத நேரத்திலும் வண்டியைவிட்டுப் போகவில்லை. வீட்டுக்குப் போனால் சீனியம்மாள் தட்டில் சோறு போடும்போது சட்டென்று நின்றுவிடுவாளோ என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் காட்டுக்கே திரும்பி வந்தான். பிரேக் மிதி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். யாக்கோபுவுக்குச் சொல்லிவிட்டான். அவர் கயிற்றைப் பிடித்து வந்து, வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்து, பிரேக் ஆயில் ஊற்றினார்.

"சீல் கசியுது. ஆயில் ஊத்த ஊத்த இறங்கிட்டேதான் இருக்கும். மாத்தணும்னா மிதிய விடணும்." கையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "ஒருநா யார் கால் இருந்தாலும் பிடிக்காது தவசி. அன்னைக்கு எவன் உக்காந்திருக்கானோ அவன்."

அன்றைக்குத்தான் ஊர் மண் சுமக்கத் தொடங்கியது. கயிற்றைச் சுற்றி நின்று கைக்குக் கை சாக்கு மாற்றி, கலவை அறைக்கும் வண்டிக்கும் நடுவே வண்டிக் கூரை உயரத்துக்கு மண்மூட்டைகளை அடுக்கினார்கள். நின்ற நெருப்புக்கு எதிரே நின்று அடுக்க வேண்டும். அடுக்கிய யாரும் அதைப் பார்க்காமல் அடுக்கவில்லை. மூட்டை நழுவி ஒரு பொறியில் பட்டால் போதும் என்று எல்லாருக்கும் தெரியும். வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிச் சொல்லி, முறுக்கிய முகத்தோடு, ஆண்களும் பெண்களும் அந்தச் சுவரை எழுப்பினார்கள். சுவர் எதற்கு என்று முத்துப்பேச்சியிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளும் சேர்ந்து மூட்டை மாற்றினாள்.

சுவர் எழுந்து முடிந்தபோது அவள் கோப்பம்மாளிடம் வந்தாள். "என்னக் கூட்டிட்டுப் போங்க அத்தை. பக்கத்துல போய்ப் பாக்கணும்."

"தொட்டுருவியாடி?"

"தெரியல."

கைகோத்துப் போனார்கள். பொறிகளுக்குள் நுழைந்து, வாசல்படியில் நின்று, முத்துப்பேச்சி புருஷனைப் பார்த்தாள். ஒரு சாண் கைநீட்டினால் அவன் கன்னம். கோப்பம்மாள் அவள் கையை நொறுங்கும்படி பிடித்திருந்தாள். முத்துப்பேச்சி அவன் காதுப்பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். அது அவனுக்குக் கேட்டிருக்காது. அவனைத் தொடாமல் திரும்பினாள்.

வண்டிக்கு வந்து, மிதித்துக்கொண்டிருந்த தவசியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு பயப்படலண்ணே. மதினியக் கூப்பிடுறாரு. ஏதோ கிண்டல் பண்ணத்தான் கூப்பிடுறாரு, மூஞ்சியப் பாத்தா தெரியுது. தீ வந்ததே அவருக்குத் தெரியாது. தொட்டா தெரிஞ்சுரும். அதான் தொடல."

"பேச்சி, எனக்குப் பயமா இருக்கும்மா," என்றான் தவசி.

"எனக்கும்தான்." அவள் இறங்கினாள். "நான் வெளிய போயி கயித்தச் சுண்டுறேன். சுண்டுனா எடுங்க. நான் சுண்டாம எடுக்காதீங்க."

எல்லாரும் வெளியேறினார்கள். சீனியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று நின்றாள்.

"தாலியறுக்கப் பேச்சி ஒருத்தி போதும், போ," என்றான் தவசி. அவள் கோபத்தோடு அவன் தலைமயிரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, கயிற்றைப் பிடித்து அழுதுகொண்டே போனாள்.

வடக்கயிற்றின் முனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, தவசி சீட்டின் மேல் பக்கவாட்டில் படுத்தான், கால் மட்டும் பிரேக்கில். படுத்த இடத்திலிருந்து வானத்துக் கண்ணாடிக் கூரை தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு பருந்து நின்றது. வெயில் நகர நகர, அசையாத அந்தப் பருந்தின் நிழல் மண்மூட்டைகளின் மேல் மெல்ல ஊர்ந்து ஏறியது. கயிறு அசையவில்லை. மிதி அவன் காலுக்குக் கீழே மயிரிழை மயிரிழையாக இறங்கிக்கொண்டிருந்தது. முந்திக்கொண்டு எடுத்துவிடலாமா என்று நினைத்தான். அவள் மனம் மாறியிருக்குமோ என்று நினைத்தான். மாறியிருந்தால் நல்லது என்றும் நினைத்தான். எடுத்த பிறகு எதுவுமே நகராமல், வெடிக்காமல், யாரும் திரும்பி வராமல், தான் மட்டும் இந்தச் சீட்டில் கிழவனாகிவிடுவோமோ என்ற பழைய பயமும் வந்தது. வெடியைவிட அதுதான் அவனை நடுக்கியது.

கயிறு சுண்டியது. லேசாகத்தான். காற்றாக இருக்குமோ என்று நினைத்தான். ஆனால் அங்கே காற்று இல்லை.

இன்னொரு முறை, பலமாகச் சுண்டியது.

காலை எடுத்தான்.

வெடிச் சத்தத்தை அவன் கேட்கவில்லை. அது அவன் எலும்புக்குள் நடந்தது. கண்ணாடி முழுதும் உதிர்ந்து அவன்மேல் கொட்டியது. மண்சுவர் வண்டியின் மூக்கில் சாய்ந்து வண்டியைப் பின்னால் தள்ளியது. அடுத்தடுத்த கொட்டகைகள் பற்றி எரியத் தொடங்கியபோது, அத்தனை நாளும் மேலே சேர்ந்த மழை ஒரே வீச்சில் கீழே இறங்கியது. மழை முந்தவில்லை. ஆனால் வந்து, எல்லா நெருப்பையும் அணைத்துவிட்டு, முழங்கால் தண்ணீராகக் காட்டுக்குள் ஓடியது.

தவசி கதவை உதைத்துத் திறந்து வெளியே விழுந்தான். சேற்றில் கைகால்களை அசைத்துப் பார்த்தான். தூரத்தில் சீனியம்மாள் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். ஊர் அவள் பின்னால் வந்தது. சத்தம் எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. வாய்கள் மட்டும் அசைந்தன. சீனியம்மாள் அவன் முகத்திலிருந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கத்தைப் பார்ப்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

காது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தபோது முத்துப்பேச்சி பக்கத்தில் நின்றாள். கலவை அறை இருந்த பக்கம் அவள் பார்க்கவில்லை. அங்கே போகப்போன ஆட்களைப் போகவிட்டாள்.

"பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்டிருக்கும்," என்றாள். "வண்டி ஓடுமாண்ணே?"

மண்ணைத் தள்ளி, மூட்டைகளை உருட்டி, ஊர் வண்டியை வெளியே எடுத்துக் கொடுத்தது. முகம் நசுங்கி, ஒரு விளக்கு தொங்கினாலும் இன்ஜின் முதல் திருகலிலேயே பிடித்தது. நடுவில் சீனியம்மாளும் ஓரத்தில் முத்துப்பேச்சியும் உட்கார்ந்தார்கள். முன்கண்ணாடி இல்லாததால் ஈரக்காற்று நேராக முகத்தில் அடித்தது. பள்ளம் வந்த இடங்களில் தவசி கியரைக் குறைத்தான், கை பிரேக்கை இழுத்தான். கால் பிரேக்கின் பக்கம் அவன் கால் போகவே இல்லை.

ஊருக்குள் நுழைந்து பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது பிள்ளைகள் வெளியே நின்றார்கள். வாத்தியார் கையை விரித்து அவர்களை மறித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குக் கீழே குனிந்து இரண்டு பெண்பிள்ளைகள் வண்டியை நோக்கிச் சாலையின் குறுக்கே ஓடி வந்தார்கள். கை பிரேக்குக்கு நேரமில்லை. தவசியின் கால் இறங்கியது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மிதி தரை வரைக்கும் போய்ப் பிடித்தது. வண்டி குலுங்கி நின்றது. ஒரு கணம் எந்தச் சத்தமும் கேட்காததுபோல இருந்தது. பிறகு மரத்தில் காக்கைகள் கத்தின. பள்ளிக்கூடத்து ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது. "அம்மா" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடி வந்துகொண்டே இருந்தார்கள். முத்துப்பேச்சி கதவைத் திறந்து இறங்கினாள், வண்டியைவிட்டுக் கையை எடுத்தாள், அவர்களை நோக்கி நடந்தாள்.

வண்டி மட்டும்தான் நின்றது.